மீனின் தலைக்கு மேலே ஒரு முழம்: கிராப்பிக்குத் தூண்டில் கட்டுவது

அமெரிக்காவில் ஏரிக்கரைக் கடைகளில் புதியவர்களுக்கென்று ஒரு தூண்டில் பாக்கெட் தொங்கும். உள்ளே எலுமிச்சம்பழ அளவில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பிளாஸ்டிக் உருண்டைத் தக்கை, சுண்டுவிரலில் பாதி நீளத்துக்கு நாலைந்து தடித்த முட்கள், ஒரு கை ஈயக்குண்டு. டாலஸ் பக்கம் குடிவந்த முதல் வருஷம் நானும் அதைத்தான் வாங்கினேன். எல்லாவற்றையும் தூண்டில் நரம்பில் கட்டி, மண்புழுவை முழுசாகக் கோத்து வீசினேன். உருண்டை லேசாக நடுங்கும், நிற்கும், மறுபடி நடுங்கும். இழுத்துப் பார்த்தால் புழு இருக்காது. ஒரு டப்பா புழுவையும் மீன்களுக்குத் தானம் செய்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனேன்.

மீன் இல்லாமல் இல்லை. அங்கே இருந்தது உள்ளங்கை அகல மீன். அந்த உருண்டையைத் தண்ணீருக்குள் இழுக்க அதற்கு வலு போதாது. அந்த முள் அதன் வாய்க்குள் நுழையவும் நுழையாது. புழுவின் தொங்குகிற முனையைக் கடித்து இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. தப்பு மீனிடம் இல்லை, நான் கட்டியதில்தான்.

கட்டியதில் என்றால், நரம்பின் நுனியில் முள், ஈயம், தக்கை ஆகியவற்றை எந்த வரிசையில், எந்த அளவில், எவ்வளவு இடைவெளியில் வைத்திருக்கிறோம் என்பது. இங்கே அதற்கு ரிக் என்று பேர். நூற்றுக்கணக்கில் ரிக் உண்டு, கடைக்குப் போனால் தலை சுற்றும். ஆனால் கிராப்பி என்ற ஏரி மீனுக்கும் அதன் சொந்தக்கார மீன்களுக்கும் கட்டுகிற ரிக் ஒவ்வொன்றுக்கும் வேலை ஒன்றுதான்: சின்ன இரையை, மீன் நிற்கிற ஆழத்துக்குச் சற்று மேலே, பின்னால் பாரம் இருப்பது தெரியாமல் நிறுத்தி வைப்பது. இது புரிந்துவிட்டால் எந்தப் புது ரிக்கைப் பார்த்தாலும் எதற்காக அப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

யார் இந்த மீன்கள்?

வாணலியில் முழுசாக அடங்குகிற மீன்களை அமெரிக்கர்கள் பொதுவாக பேன்ஃபிஷ் என்பார்கள். புளூகில், ரெட்இயர், பம்ப்கின்சீட், கிராப்பி எல்லாம் இதில் வரும். வடக்கு மாநிலங்களில் மஞ்சள் பெர்ச்சையும் சேர்த்துக்கொள்வார்கள். பெர்ச்சைத் தவிர மற்றவை சன்ஃபிஷ் குடும்பம். பெரிய வாய் பாஸும் அதே குடும்பம்தான், ஆனால் அதற்குக் கிடைக்கிற மரியாதையே தனி.

கிராப்பியில் இரண்டு வகை. வெள்ளைக் கிராப்பியின் உடம்பில் மேலிருந்து கீழாக மங்கலான பட்டைகள் ஓடும். கறுப்புக் கிராப்பியில் மிளகைத் தூவியது மாதிரி ஒழுங்கில்லாத புள்ளிகள். சந்தேகம் வந்தால் முதுகுத் துடுப்பின் முள்ளை எண்ணுங்கள். 5 அல்லது 6 இருந்தால் வெள்ளை, 7 அல்லது 8 இருந்தால் கறுப்பு. பேரைக் கிராப்பி என்பதா கிரேப்பி என்பதா என்று கரையில் ஒரு வழக்கு ஓடிக்கொண்டே இருக்கும். லூசியானாக்காரர்கள் அந்த வம்பே வேண்டாமென்று, பிரெஞ்சில் பால்பை என்று பொருள்படும் சாக்கலே என்ற பெயரால் கூப்பிடுகிறார்கள். சதை அவ்வளவு வெள்ளை.

நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அரை பவுண்டிலிருந்து ஒரு பவுண்டு வரை. வெள்ளைக் கிராப்பியின் உலகச் சாதனையே 5 பவுண்டு 3 அவுன்ஸ்தான். 1957-இல் மிசிசிப்பியில் ஈனிட் அணைக்கட்டில் பிடித்தது. இரண்டரைக் கிலோகூட வராத அந்த எடையை இத்தனை வருஷமாக யாரும் தாண்டவில்லை. ஆகவே சாமான் எல்லாமே சின்னதாக இருக்க வேண்டும். கடல் தூண்டில் போட்டுப் பழகிய கைக்கு முதலில் இது விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். போகப் போகச் சரியாகிவிடும்.

இன்னொன்று, கிராப்பியின் கண் தலையில் சற்று மேலே தள்ளி இருக்கிறது. அது நிற்கிற இடத்திலிருந்து மேலே பார்த்து இரை எடுக்கிற மீன். இரை அதன் தலைக்கு மேலே ஒரு முழத்தில் நின்றால் எழும்பி வந்து எடுக்கும். வயிற்றுக்குக் கீழே நின்றால் பல நேரம் கண்ணிலேயே படாது. மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

நரம்பு, முள், ஈயம், தக்கை

நரம்பு 4 பவுண்டு அல்லது 6 பவுண்டு தாங்குகிற நைலான். மரக்கிளை நிறைந்த இடமென்றால் 8 வரை போகலாம். நரம்பு தடித்தால் ரீலிலிருந்து சுருள் சுருளாக வரும், லேசான இரையை எறிந்தால் போகாது, தண்ணீரில் இரை விறைப்பாக நிற்கும். கோல் 6 அல்லது 7 அடி, அல்ட்ராலைட் என்று எழுதியிருப்பது போதும்.

முள்ளின் எண்ணில்தான் எல்லாரும் முதலில் ஏமாறுவார்கள். எண் கூடக்கூட முள் சின்னதாகும். 10 என்பது 8-ஐவிடச் சின்னது, 8 என்பது 4-ஐவிடச் சின்னது. 1-க்கு அப்புறம் 1/0, 2/0 என்று திசை மாறி, எண் கூடினால் முள்ளும் பெரிதாகும். என் பாக்கெட்டில் இருந்தது 2/0. அதை வைத்து விரால் பிடித்திருக்கலாம். புளூகில்லின் வாய் சட்டைப் பொத்தான் அளவு, அதற்கு 8 அல்லது 10 வேண்டும். கிராப்பியின் வாய் விரிந்தால் பெரியது, 4 அல்லது 2 போடலாம். இரண்டும் கலந்து கிடைக்கிற இடத்தில் நான் 6 கட்டிவிடுவேன்.

அபர்டீன் என்று ஒரு வகை முள் உண்டு. தண்டு நீளம், கம்பி மெல்லிசு. இது பேன்ஃபிஷுக்கென்றே செய்தது மாதிரி. தண்டு நீளமாக இருப்பதால் சின்ன வாய்க்குள்ளிருந்து விரலால் பிடித்துக் கழற்றிவிடலாம். கம்பி மெல்லிசாக இருப்பதால் மின்னோ எனும் உயிர்ப்பொடி மீனைக் குத்தினாலும் அது சீக்கிரம் சாகாது. இதைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. கிராப்பி வாழ்வதே மூழ்கிய மரத்துக்கும் புதருக்கும் நடுவில். முள் கிளையில் மாட்டினால் நிதானமாக, விடாமல் இழுங்கள். நரம்பு அறுவதற்கு முன்னால் கம்பி வளைந்து கொடுத்து வெளியே வந்துவிடும். சின்னக் குறடால் பழையபடி வளைத்துக்கொண்டு மறுபடி போடலாம். நாலைந்து தடவை வளைத்த முள்ளை மட்டும் தூக்கிப் போட்டுவிடுங்கள், ஒடிந்துவிடும்.

ஈயத்துக்கு, நடுவில் பிளந்த சின்னக் குண்டு போதும். ஸ்பிளிட் ஷாட் என்று கேளுங்கள். முள்ளுக்கு மேலே 6 முதல் 12 அங்குலத்தில் நரம்பைப் பிளவுக்குள் வைத்து, குறடால் மெதுவாக அழுத்த வேண்டும். பல்லால் கடிக்கிற பழக்கம் நம் ஆட்களுக்கும் உண்டு, இங்கே உள்ளவர்களுக்கும் உண்டு. ஈயம் விஷம், வேண்டாம். அழுத்தி நசுக்கினால் நரம்பும் நசுங்கி அந்த இடத்தில் அறும். நியூ ஹாம்ப்ஷயர் மாதிரி சில மாநிலங்களில் சின்ன ஈயக்குண்டுக்கே தடை. அங்குள்ள லூன் எனும் நீர்ப்பறவை அதை விழுங்கிச் செத்துப்போகிறது என்பதால் வந்த சட்டம். அங்கே தகரக் குண்டு கிடைக்கும்.

தக்கையில்தான் பாதி வித்தை. தக்கை மிதந்தால் மட்டும் போதாது, மூழ்குவதற்குத் தயாராக மிதக்க வேண்டும். வீட்டிலேயே ஒரு வாளியில் தண்ணீர் எடுத்து, முள்ளும் ஈயமும் தக்கையும் கட்டிய நுனியை அதில் போட்டுப் பாருங்கள். தக்கை முழுசாக மேலே குந்தியிருந்தால் இன்னொரு குண்டு சேருங்கள். பாதிக்கு மேல் அமிழ்ந்து, நுனி மட்டும் தெரிகிற நிலை வந்தால் சரி. இப்போது விரலால் லேசாகத் தொட்டாலே உள்ளே போகும். மீனுக்கு அவ்வளவு எதிர்ப்புதான் தெரிய வேண்டும். பாரம் தெரிந்தால் கிராப்பியும் புளூகில்லும் இரையை ஊதித் துப்பிவிடும்.

ஊரில் கண்மாயில் கெண்டை பிடிக்கும்போது மயிலிறகின் தண்டைத்தான் தக்கையாகக் கட்டுவோம். இல்லாவிட்டால் நெட்டி. ஒரு விரல் நீளத் தண்டு, கீழே ஒரு துளி ஈயம், கெண்டை மூச்சு விட்டால்கூடத் தெரியும். இங்கே கடையில் பென்சில் தக்கை என்று ஒல்லியாக ஒன்றைப் பார்த்ததும்தான், பத்து வயதிலேயே தெரிந்த விஷயத்தை எலுமிச்சம்பழத்துக்கு ஆசைப்பட்டு மறந்திருந்தேன் என்று உறைத்தது. உருண்டைத் தக்கைதான் பிடிக்குமென்றால் கோலிக்குண்டு அளவில் வாங்குங்கள்.

முதல் ரிக்: நிலைத்த தக்கை

மேலே சொன்ன நாலையும் சேர்த்தால் முதல் ரிக் தயார். நுனியில் முள், ஒரு சாண் மேலே ஈயம், அதற்கு மேலே இரண்டு மூன்று அடியில் நரம்போடு கவ்வி நிற்கிற தக்கை. முள்ளைக் கட்ட கிளிஞ்ச் முடிச்சு போதும். நரம்பை முள்ளின் கண்ணில் விட்டு, தன்மேலேயே ஐந்தாறு சுற்று சுற்றி, கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிற ஓட்டைக்குள் நுனியை நுழைத்து, அப்புறம் உண்டாகிற பெரிய வளையத்துக்குள்ளும் நுழைத்து இழுக்க வேண்டும். இறுக்குவதற்கு முன்னால் எச்சிலால் நனையுங்கள். காய்ந்த நைலான் உரசினால் சூடாகி வலுவிழக்கும்.

இந்த ரிக் வசந்த காலத்துக்கும் குழந்தைகளுக்கும். தண்ணீரின் சூடு ஏறத்தாழ 16 முதல் 20 டிகிரி செல்சியஸுக்கு வரும்போது கிராப்பி முட்டையிடக் கரையோரம் வரும். இரண்டடி, நாலடித் தண்ணீரிலேயே கிடைக்கும். அதற்குக் கொஞ்சம் பின்னால், தண்ணீர் இன்னும் சூடானதும், புளூகில் கூட்டமாகக் கூடு கட்டும். கரையிலிருந்து பார்த்தாலே தெரியும்: மணலில் தட்டுத் தட்டாக வட்டப் பள்ளங்கள், தேன்கூட்டு அறைகள் மாதிரி ஒன்றையொன்று ஒட்டி. ஒவ்வொன்றிலும் ஓர் ஆண் மீன் காவல் நிற்கும். அரை அங்குலப் புழுத்துண்டு போதும். முள்ளின் முனை மூடினால் சரி, வால் தொங்க வேண்டாம். தொங்கினால் என் முதல் நாள் கதைதான். எல்லாக் காவலாளியையும் பிடித்து வாணலியில் போட்டுவிட்டால் கூட்டில் இருக்கிற முட்டையை மற்ற மீன்கள் தின்றுவிடும், அதனால் ஓர் இடத்தில் நாலைந்தோடு நகர்ந்துவிடுங்கள்.

இந்த ரிக்கின் குறை ஆழத்தில் தெரியும். மீன் 12 அடியில் நிற்கிறது என்று வையுங்கள். தக்கையை 10 அடி மேலே தள்ளிக் கட்ட வேண்டும். 7 அடிக் கோலில் 10 அடி நரம்பைத் தொங்கவிட்டுக்கொண்டு எப்படி எறிவது? எறிந்தாலும் மீன் மாட்டியபின் தக்கை கோலின் முனை வளையத்தில் முட்டி நின்றுவிடும், மீன் இன்னும் 10 அடி தள்ளித் துள்ளிக்கொண்டிருக்கும். நான் இப்படி ஒரு தடவை கோலைக் கீழே போட்டுவிட்டு நரம்பைக் கையால் இழுத்து, பக்கத்தில் நின்றவரின் நரம்போடு சிக்கவைத்து, இரண்டு பேரும் கத்தரிக்கோல் தேடினோம்.

இரண்டாவது ரிக்: வழுக்குத் தக்கை

இதற்குக் கண்டுபிடித்ததுதான் ஸ்லிப் பாபர், நம் வார்த்தையில் வழுக்குத் தக்கை. கிராப்பிக்கு ஒரே ஒரு ரிக்தான் கற்றுக்கொள்வேன் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தால் இதையே கற்றுக்கொள்ளுங்கள் என்பேன்.

இந்தத் தக்கையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு துளை. நரம்பு அதற்குள் தாராளமாக ஓடும், எங்கும் கவ்வாது. தக்கையை நிறுத்துவது நரம்பில் கட்டிய ஒரு சின்ன நூல் முடிச்சு. கடையில் இந்த முடிச்சை மெல்லிய குழாய் ஒன்றின்மேல் தயாராகப் போட்டு விற்பார்கள். குழாய்க்குள் நரம்பை விட்டு, முடிச்சைக் குழாயிலிருந்து நரம்பின்மேல் தள்ளி, குழாயை உருவி எறிந்துவிட்டு, நூலின் இரண்டு முனையையும் இழுத்து இறுக்க வேண்டும். முனைகளைக் கால் அங்குலம் விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் குச்சி குச்சியாக நின்று கோலின் வளையங்களில் தட்டும்.

முடிச்சுக்கு அப்புறம் ஒரு சின்னப் பாசிமணி. அதற்கு அப்புறம் தக்கை. அப்புறம் ஈயம், கடைசியில் முள். இந்த வரிசை மாறக்கூடாது. அவசரத்தில் தக்கையை முதலில் கோத்துவிட்டு முடிச்சைக் கீழே கட்டுவது எல்லாரும் ஒரு தடவையாவது செய்கிற கூத்து. பாசிமணி எதற்கு என்று கேட்டு அதை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. முடிச்சு சின்னது, தக்கையின் துளை பெரியது. மணி இல்லாவிட்டால் முடிச்சு துளைக்குள் புகுந்து மறுபக்கம் போய்விடும், இரை அடிமண்ணில் உட்காரும், தக்கை மேலே சும்மா மிதக்கும். நீங்களும் ஒரு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

வேலை செய்யும் விதம் இப்படி. ரீலைச் சுற்றினால் முடிச்சு கோலின் வளையங்களுக்குள் புகுந்து ரீலுக்கே போய்விடும். தக்கை வழுக்கிக்கொண்டு ஈயத்தின் மேல் வந்து உட்காரும். கையில் இருப்பது இரண்டடி நரம்புதான், சுலபமாக எறியலாம். தண்ணீரில் விழுந்ததும் ரீலின் கம்பியைத் திறந்தபடியே விட்டுவிடுங்கள். ஈயம் இரையைக் கீழே இழுக்கும், நரம்பு தக்கையின் துளை வழியே ஓடும், தக்கை படுத்தே இருக்கும். முடிச்சு வந்து மணியில் முட்டியதும் தக்கை எழுந்து நிற்கும். அந்த நொடியில் இரை நீங்கள் வைத்த ஆழத்தில் நிற்கிறது என்று அர்த்தம். 12 அடி வேண்டுமா, 20 அடி வேண்டுமா, முடிச்சை நகர்த்தினால் போதும்.

தக்கை எழுந்து நிற்கவே இல்லையா? ஈயம் போதாமல் நரம்பு ஓடாமல் நின்றிருக்கலாம். அல்லது இரை தரையைத் தொட்டுவிட்டது. அல்லது, இதைத்தான் நாம் வேண்டிக்கொள்ள வேண்டும், இறங்குகிற வழியிலேயே ஒரு மீன் எடுத்துவிட்டது. லேசாகச் சுற்றிப் பாருங்கள்.

தரை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மின்னணுக் கருவி வேண்டியதில்லை. முள்ளில் தக்கையை மூழ்கடிக்கிற அளவு கனமான ஓர் ஈயத்தை மாட்டி எறியுங்கள். தக்கை தண்ணீருக்குள் போய்விட்டால் முடிச்சு குறைந்த ஆழத்தில் இருக்கிறது, ஏற்றுங்கள். தக்கை படுத்துக் கிடந்தால் ஆழம் அதிகமாகிவிட்டது, இறக்குங்கள். தக்கையின் நுனி மட்டும் தெரிகிற இடத்தில் முடிச்சு சரியாகத் தரையின் ஆழம். அங்கிருந்து இரண்டடி குறைத்துக்கொண்டு ஆரம்பிக்கலாம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இன்னும் இரண்டடி குறையுங்கள். மேலிருந்து கீழே தேடுவதா, கீழிருந்து மேலே தேடுவதா என்பதில் கரைக்குக் கரை கருத்து வேறு. நான் தரையிலிருந்து ஆரம்பிப்பேன், கோடை தவிர.

கோடையில் ஏன் இல்லையென்றால், டெக்சஸின் ஆழமான ஏரிகளில் தண்ணீர் இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும். மேலே சூடான தண்ணீர், கீழே குளிர்ந்தது. கீழ் அடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். 40 அடி ஆழமுள்ள இடத்தில் தரையில் இரையை வைத்தால் அங்கே மூச்சு விட எதுவும் இல்லை. மீன் இரண்டு அடுக்கும் சந்திக்கிற இடத்துக்கு மேலே, மரத்தின் நடு உயரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். அப்போது மேலிருந்து இறங்கித் தேடுவதுதான் சரி.

மின்னோவைக் கோப்பதில் இரண்டு வழி. தக்கையின் கீழே அசையாமல் தொங்கவிட வேண்டுமென்றால் முதுகுத் துடுப்புக்குக் கீழே, முதுகெலும்பைத் தொடாமல் குத்துங்கள். சமநிலையாக நின்று நீந்தும். மெதுவாக இழுத்துப் போகிறீர்களென்றால் கீழுதட்டிலிருந்து மேலுதடு வழியாக. ஒன்றரை இரண்டு அங்குல மீன் போதும். வாளியில் செத்து மிதப்பதை முதலில் எடுத்துப் போட்டுவிடுங்கள், மற்றதையும் கெடுக்கும்.

மூன்றாவது: ஜிக்

முள்ளின் கழுத்திலேயே ஈயத்தை உருக்கி ஊற்றி, தண்டில் பிளாஸ்டிக் வாலோ இறகோ மாட்டியிருந்தால் அது ஜிக். ஈயமும் முள்ளும் இரையும் ஒன்றாகிவிட்டதால் கட்டுவதற்கு ஒன்றுமே இல்லை, ஒரு முடிச்சுதான். எடை 1/16 அவுன்ஸ் அல்லது 1/32 அவுன்ஸ். கிராமில் சொன்னால் 1.8, 0.9. காற்று இல்லாத நாளில், ஆழமில்லாத தண்ணீரில் 1/32 ரொம்ப அழகாக இறங்கும். மெதுவாக விழுகிற இரையைத்தான் கிராப்பி விரும்பும். காற்றடித்தால் 1/16.

கட்டிய பின் ஒரு சின்னச் சரிபார்ப்பு. ஜிக்கின் கண் தலையின் உச்சியில் இருக்கும். முடிச்சு அந்தக் கண்ணின் முன்பக்கம் வழுக்கியிருந்தால் ஜிக் வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு செங்குத்தாக நிற்கும். எந்தப் பொடி மீனும் அப்படி நீந்தாது. நகத்தால் முடிச்சைக் கண்ணின் உச்சிக்குத் தள்ளுங்கள், ஜிக் தரைக்கு இணையாகப் படுத்துவிடும். ஒவ்வொரு மீனுக்கு அப்புறமும் முடிச்சு நகர்ந்திருக்கும், ஒவ்வொரு தடவையும் தள்ள வேண்டும். கடித்துக்கொண்டிருந்த மீன் திடீரென்று நின்றுவிட்டதென்று புலம்புகிறவர்கள் நிறம் மாற்றுவதற்கு முன்னால் இந்த முடிச்சைப் பார்க்கலாம்.

நிறம் என்றதும் சொல்கிறேன். கடையில் ஒரு சுவர் நிறைய நிறம் தொங்கும். எனக்கு மூன்று போதும்: கலங்கல் தண்ணீருக்குப் பளிச்சென்ற மஞ்சள்பச்சை, தெளிந்த தண்ணீருக்கு வெள்ளையோ சாம்பலோ, இருட்டின நாளுக்குக் கறுப்பு கலந்த ஒன்று. ஆழம் தப்பாக இருந்தால் முப்பது நிறமும் வீண்.

ஜிக்கை அப்படியே எறிந்து, விழுந்ததிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு, பத்தில் மெதுவாகச் சுற்ற ஆரம்பியுங்கள். மீன் கிடைக்காவிட்டால் அடுத்த தடவை எட்டு, அப்புறம் ஆறு. கிடைத்த எண்ணிலேயே நில்லுங்கள். அல்லது வழுக்குத் தக்கைக்குக் கீழே வெறும் முள்ளுக்குப் பதில் ஜிக்கைக் கட்டிவிடலாம். அலை தக்கையை ஆட்ட, தக்கை ஜிக்கை ஆட்டும். மின்னோ வாளி தூக்க வேண்டியதில்லை. என் சோம்பேறித்தனத்துக்கு இது ரொம்பப் பொருத்தம்.

படகு இருந்தால்

இரண்டு முள் ரிக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படகில்லாதவர்களுக்கு அதிக வேலையில்லை. நரம்பின் அடியில் அரை அவுன்ஸ் வரையுள்ள கனமான ஈயம். அதற்கு மேலே ஒன்றரை அடி, இரண்டடி இடைவெளியில் பக்கவாட்டு வளையம் போட்டு இரண்டு முட்கள். கென்டக்கி ஏரியின் பெயரால் இதைச் சொல்வார்கள். ஈயம் முதலில் புதரைத் தொட்டு எச்சரிக்கும், முட்கள் மேலே பத்திரமாக இருக்கும். இரண்டு ஆழத்தை ஒரே நேரத்தில் சோதித்தும் விடலாம். படகின் மூக்கில் இப்படி ஏழெட்டுக் கோல்களை விசிறி மாதிரி நீட்டிக்கொண்டு மெதுவாகப் போவார்கள், சிலந்திக் கால் மாதிரி இருப்பதால் ஸ்பைடர் ரிக்கிங் என்று பேர். எத்தனை கோல் வைக்கலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

கொத்தியதும்

கிராப்பி பல நேரம் தக்கையை உள்ளே இழுக்காது. மேலே எழும்பி வந்து இரையை எடுத்து அதே உயரத்தில் நிற்கும். ஈயத்தின் பாரம் மீனின் வாய்க்குப் போய்விட்டதால் நின்றுகொண்டிருந்த தக்கை மெல்ல உயர்ந்து சாய்ந்து படுக்கும். புதிதாக வந்தவர் தக்கை மூழ்கட்டும் என்று காத்திருப்பார், அதற்குள் மீன் துப்பிவிடும். தக்கை அது வரைக்கும் செய்யாத எதைச் செய்தாலும் கோலைத் தூக்குங்கள்.

தூக்க வேண்டும், வெட்டி இழுக்கக் கூடாது. கிராப்பியின் வாயோரம் பொரித்த அப்பளம் மாதிரி, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியும். காகித வாய் என்று ஒரு பட்டப்பெயரே உண்டு. வேகமாக இழுத்தால் வாய் கிழிந்து ஓட்டையாகி முள் நழுவிவிடும். மணிக்கட்டை மட்டும் உயர்த்தி, நரம்பு தொய்யாமல், ஒரே வேகத்தில் சுற்றுங்கள். பாலத்திலிருந்தோ உயரமான துறையிலிருந்தோ பிடித்தால் நரம்பைப் பிடித்துத் தூக்காமல் வலையால் ஏந்துங்கள். கையருகில் வந்து தண்ணீரில் விழுந்த மீன்களின் கணக்கு என்னிடம் இருக்கிறது, சொல்ல மாட்டேன்.

பிடித்ததை வைத்துக்கொள்வதற்கு முன்

டெக்சஸில் 17 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு மீன்பிடி உரிமம் வேண்டும். மாநிலப் பூங்காக்களுக்குள் கரையிலிருந்து பிடித்தால் வேண்டாம், புதியவர்கள் அங்கே ஆரம்பிப்பது நல்லது. கிராப்பி பொதுவாக 10 அங்குலத்துக்குக் குறைந்தால் திருப்பி விட வேண்டும், ஒருவருக்கு நாளைக்கு 25. ஏரிக்கு ஏரி விதிவிலக்கு உண்டு, கிளம்புமுன் அந்த வருஷத்து விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லேக் ஃபோர்க் ஏரியின் விதிவிலக்கு வேடிக்கையானது. டிசம்பர் முதல் பிப்ரவரி முடிய அங்கே பிடிக்கிற கிராப்பி எவ்வளவு சின்னதானாலும் திருப்பி விடக் கூடாது, கணக்கில் சேர்த்து எடுத்துப் போக வேண்டும். குளிர்காலத்தில் மீன் ரொம்ப ஆழத்தில் இருக்கும். அங்கிருந்து சுற்றி மேலே கொண்டுவரும்போது உடம்புக்குள் இருக்கும் காற்றுப்பை ஊதிப்போகும். விட்டாலும் பிழைப்பது சந்தேகம். ஆழத்தில் பிடிப்பதென்றால் எங்கேயும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தேவையான அளவு கிடைத்ததும் கோலை மடக்கிவிடலாம், பிடித்துப் பிடித்து விடுவது அந்த ஆழத்தில் தர்மமில்லை.

வாளியில் மிச்சமிருக்கிற மின்னோவையும் உயிரோடு இருக்கிற புளூகில்லையும் இன்னொரு குளத்தில் விடாதீர்கள். 1960-இல் சிகாகோ மேயர் ஜப்பானின் அன்றைய இளவரசர் அகிஹிட்டோவுக்குக் கொஞ்சம் புளூகில் பரிசளித்தார். அங்கே போய்ப் பெருகி, ஏரிகளில் உள்ளூர் மீன்களையும் முட்டைகளையும் தின்று தீர்த்தது. பேரரசரான பின் 2007-இல் அகிஹிட்டோவே அதற்கு வருத்தம் தெரிவித்தார். ஒரு வாளி மீன்தானே என்று நினைக்க வேண்டாம்.

சரி, முதல் கிராப்பி வந்துவிட்டது என்று வையுங்கள். படம் எடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை. நரம்பில் இருக்கிற நூல் முடிச்சைத் தொடாதீர்கள். கிராப்பி கூட்டமாக நிற்கிற மீன், ஒன்று எடுத்த ஆழத்தில் இன்னும் பத்து நிற்கும். அதே இரை, அதே முடிச்சு, அதே இடத்தில் உடனே போடுங்கள். கடி நின்றபின், முள்ளிலிருந்து முடிச்சுவரை நரம்பைக் கோலோடு வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். என் மீன்பிடிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிய தாளில் இப்படித்தான் வரிகள் இருக்கின்றன: லவான் ஏரி, மார்ச் கடைசி, கலங்கல், புதர் ஓரம், மூன்றரை அடி. ஜூலை, இரவு, துறை விளக்குக்குக் கீழே, ஒன்பதடி. ஜனவரி, பாலத்தின் மூன்றாவது தூண், பதினெட்டடி, விரல் மரத்துப்போச்சு, ஆறு மீன்.